ஆனி மாதப் பனிக்கு நான்கு டயர்

என் நாத்தனார் எதையும் நேரடியாக வேண்டாம் என்று சொல்ல மாட்டாள். காரணம் சொல்லுவாள். பொறியாளர் என்பதால் அவள் காரணமும் கணக்காக இருக்கும், மறுத்துப் பேச இடம் இருக்காது. "வளைகாப்பு போட்ட கையோட உன்னை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தர்றேன் கண்ணு, பிரசவம் இங்கயே ஆகட்டும்" என்று நான் போனில் சொன்னபோது அவள் சொன்ன காரணம் டயர்.

"அண்ணி, ஜூலைல இங்க ரோடெல்லாம் ஐஸ். உங்க வண்டில இருக்கறது சிட்டி டயர். அதை வச்சுக்கிட்டு மலையேறிடாதீங்க. வளைகாப்பெல்லாம் வேண்டாம், பிரசவத்தையும் நான் இங்கயே பார்த்துக்கறேன்."

போனை வைத்துவிட்டு நான் கணவரிடம் சொன்னேன்: "உங்க தங்கச்சி வர்றேன்னுட்டா. டயர் மாத்தினாப் போதும்."

"அப்படியா சொன்னா?" என்று அவர் சந்தேகமாகக் கேட்டார். தங்கையை அவருக்கு என்னைவிட அதிக நாளாகத் தெரியும்.

நாங்கள் இருப்பது சிட்னியின் வடமேற்கில், கெல்லிவில்லில். நாத்தனார் இருப்பது தெற்கே அரை நாள் பயணத்தில், கூமா என்ற ஊரையும் தாண்டி, பனிமலை அடிவாரத்துச் சின்ன ஊர் ஒன்றில். பூமியின் இந்தப் பாதியில் ஆனி, ஆடிதான் குளிர்காலம். மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுபோய் மின்சாரம் எடுக்கும் வேலையில் அவளும் அவள் கணவரும் இருந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சுரங்கத்துக்குள் ஷிஃப்ட் வேலை. இறங்கினால் பல நாள் தொடர்ந்து வேலை, அப்புறம் பல நாள் விடுப்பு. பெரிய ஆஸ்பத்திரி என்றால் மலை இறங்கி நெடுந்தூரம் போக வேண்டும். இந்த ஏற்பாட்டில் ஒன்பது மாதக்காரி தனியாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் பெரியது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போக வேண்டும். அவளுக்கு அம்மா இல்லை. என் மாமியார் காலமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் மகன் பிறந்தபோது என் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் என் அம்மாவால் கிளம்ப முடியவில்லை. ஈரோட்டிலிருந்து மாமியார்தான் பத்தியச் சாமானெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்து, விமான நிலையத்தில் பெருங்காயத்துக்கும் சுக்குக்கும் அதிகாரிகளிடம் பதில் சொல்லி, எனக்கு அம்மாவாக இருந்தார். அவர் மகளுக்கு நான் அப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் கூப்பிட்டால் வந்துவிடுகிற பெண்ணா அவள்? யாருக்கும் சிரமம் கொடுக்கக் கூடாது என்பதையே வேதமாக வைத்திருப்பவள். அவளிடம் பாசத்தைப் பேசிப் பயனில்லை. அவள் சொன்ன காரணத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே வர வேண்டும், காரணமே மிச்சம் இல்லாமல் ஆகும்வரை.

அதனால் டயர்.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் தோட்ட வேலை செய்கிறவள். கோயம்புத்தூரில் வேளாண்மை படித்துவிட்டு இங்கே வந்து, ஊரார் வீட்டுக் கொல்லைகளில் கறிவேப்பிலையும் முருங்கையும் வாழையும் பிழைக்க வைத்துச் சம்பாதிக்கிறேன். அதற்காக வாங்கியதுதான் இந்த எலக்ட்ரிக் பிக்கப். பின்னால் திறந்த தட்டு, முன்னால் நான்கு கதவு. இந்த ஊரில் யூட் என்பார்கள். வாங்கியபோது கணவர், "எரு மூட்டை தூக்கறதுக்கு எலக்ட்ரிக் வண்டியா?" என்று கேட்டார். இப்போது அவர்தான் வார விடுமுறையில் துடைத்துக்கொண்டு நிற்கிறார். சத்தமே போடாத வண்டி. ஆனால் அடியில் பேட்டரி இருப்பதால் நல்ல கனம், யானைக்குட்டி மாதிரி.

சிட்னியில் குளிர்கால டயர் என்று கேட்டால் ஆளை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். இங்கே குளிர்காலம் என்பது எங்கள் ஊர் மார்கழிக்கு ஒரு ஸ்வெட்டர் கூட, அவ்வளவுதான். பகலில் வெயிலே அடிக்கும். ஆகவே யாரிடம் விசாரிப்பது என்று தெரியாமல் என் கணவர் கெல்லிவில் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டார். போட்டவர் தூங்கிவிட்டார். காலையில் பார்த்தால் குழு முழுக்க டயர். மென்பொருள் எழுதுகிறவர்கள், இதய மருத்துவர் ஒருவர், வங்கியில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அபிப்பிராயம் இருந்தது. பனியில் வண்டி ஓட்டிய அனுபவம்தான் ஒருவருக்கும் இல்லை. அகலமான டயர் போடு என்றார் ஒருவர். அகலம் கூடாது, ஒல்லியாகப் போடு என்றார் இன்னொருவர். எலக்ட்ரிக் வண்டியே மலைக்கு ஆகாது என்று மூன்றாமவர் ஆரம்பிக்க, பேச்சு பேட்டரிக்குப் போய், ஹீட்டருக்குப் போய், கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக நல்ல ஃபில்டர் காபிப் பொடி எந்தக் கடையில் கிடைக்கும் என்பதில் முடிந்தது. அந்தக் கடை விவரம் மட்டும் உபயோகமாக இருந்தது.

உருப்படியான ஆள் கோயிலில்தான் கிடைத்தார். ஞாயிற்றுக்கிழமை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் பிரசாத வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். சிட்னிக்கு வருமுன் கனடாவில் பல வருடம் இருந்தவர். அவர் வீட்டுக் கொல்லையில் முருங்கை வைத்துக் கொடுத்தது நான்தான். விஷயத்தைச் சொன்னதும் பிரசாதத்தை மறந்துவிட்டார்.

"நான் ரொறன்ரோவில கனகாலம் இருந்தனான். அங்க விண்டர் ரயர் போடாமல் ஒருத்தரும் ஓட மாட்டினம். நீர் நல்ல விண்டர் ரயராப் பார்த்துப் போடும். இந்த ஓல் சீசன் எண்டு விக்கிறதெல்லாம் சும்மா பேய்க்காட்டுறது."

"இங்க சிட்னில வெயிலடிக்குமே அக்கா. அந்த ரப்பர் தாங்குமா?"

"அது மெத்தெண்ட ரப்பர்தான். குளிருக்கெண்டே செய்தது. வெயிலில ஓடினால் தேயும். ஸ்பிரிங் வர நாங்கள் கழட்டி கராஜில வச்சிடுவம்."

"நான் மலைக்குப் போறது ஆடிக்கொரு தடவை அமாவாசைக்கொரு தடவைன்னா?"

அவர் யோசித்தார். பின்னால் வரிசை நின்றுவிட்டது. "அப்ப நீர் யோசிக்கத்தான் வேணும்" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய விட்டுக்கொடுத்தல். அன்று மாலையே போன் செய்து இன்னொரு பாடமும் சொன்னார். "வண்டி சறுக்கினால் பிரேக்கை அமத்திப்போடாதையும். காலை எடுத்துப்போட்டு, போக வேண்டிய பக்கம் பாரும். மரத்தைப் பார்த்தால் மரத்திலதான் போய் நிப்பீர்."

நான் யோசித்தேன். எனக்கு யோசிப்பது பிடிக்கும், அதுவும் வாங்கப்போகிற பொருளைப் பற்றி என்றால் ரொம்பப் பிடிக்கும். எரு மூட்டைகளை இறக்கிக்கொண்டே யோசித்தேன். மாமரத்துக்குக் கவாத்து செய்துகொண்டே யோசித்தேன். கனடாக்காரர்களின் டயர் பனிக்கு மன்னன், ஆனால் சிட்னித் தார்ச்சாலையில் பென்சில் ரப்பர் மாதிரி தேய்ந்துபோகும். அதுவும் காலை வைத்தவுடன் இழுக்கிற எலக்ட்ரிக் வண்டியில் இன்னும் சீக்கிரம். இருக்கிற நகர டயரோ பனியில் வழுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகம் உண்டு. மண்ணுக்கும் மழைக்கும் ஆகும், பனிக்கும் சோதித்துப் பார்த்துத் தேர்வானது. தேர்வானதற்கு அடையாளமாகப் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் அச்சாகியிருக்கும். அந்த முத்திரை இல்லாமல் ஆயிரம் பேச்சுப் பேசினாலும் அது பனி டயர் இல்லை. கனமான வண்டிக்கு ஏற்ற சுமை தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அகலத்தை ஏற்றவும் கூடாது. என் யூட்டில் பின்சக்கரங்கள்தான் உந்தும், மோசமான பனியில் அவற்றுக்குச் சங்கிலி மாட்ட வேண்டும், டயர் அகலமானால் சங்கிலிக்கு இடம் இருக்காது. இதெல்லாம் நானே படித்துத் தெரிந்துகொண்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

டயர் கடைக்காரர் லெபனான் வம்சம், எங்கள் பக்கத்துப் பேட்டையில் கடை. நான் கேள்வி கேட்டால் என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார். என் கணவர் என்னைப் பார்த்தார். இப்படி ஒரு சுற்று போனபிறகு கடைக்காரர் புரிந்துகொண்டு என் பக்கம் திரும்பினார்; அதற்கப்புறம் நல்ல மனுஷர். வண்டியில் சாதாரணமாக என்ன சுமை ஏற்றுவேன் என்று கேட்டார். மண், எரு, தொட்டிச் செடி என்றேன். இந்தப் பயணத்தில்? புளி சாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல், அதற்கு வேண்டிய அண்டா குண்டா, ஒரு கர்ப்பிணி, அவளுடைய பெட்டிகள். அவர் சிரிக்கவே இல்லை. அவருடைய அம்மாவும் மகள் பிரசவத்துக்கு இப்படித்தான் கிளம்புவாராம். நான் மனதில் வைத்திருந்த டயரையே அவரும் எடுத்துக் காட்டினார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

சிக்கல் வேறு இடத்திலிருந்து வந்தது. மாட்டுவதற்குக் கடைக்காரர் கொடுத்த நேரம் சனிக்கிழமை காலை. என் கணவர் அமைதியான மனிதர், கணினிப் பாதுகாப்பில் பெரிய வேலை, ஆனால் எங்கள் சமையலறையில் ஊரிலிருந்து வரவழைத்த தினசரிக் காலண்டர் தொங்கும். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம் என்று அது சொன்னது.

"தலைப்பிரசவத்துக்குக் கூட்டிட்டு வர்ற வண்டி. ராகு காலத்துல டயர் மாட்டறதா?"

"அது ஊர் நேரமுங்க. ராகு காலம் சூரியன் எழற நேரத்தை வச்சுத்தானே கணக்கு? இங்க குளிர்காலத்துல சூரியன் ஏழு மணிக்குத்தான் எழறான். ராகுவும் லேட்டாத்தான் எழுவான்."

"நீ கணக்குப் பேசாத. ஒரு டயரையாவது ஒம்பதுக்கு முன்னாடி மாட்டச் சொல்லு. ஆரம்பிச்சுட்டா தோஷம் இல்ல."

புது வீடு புகும்போது நல்ல நேரத்துக்குள் பாலைக் காய்ச்சிவிட்டு அப்புறம் மெதுவாகச் சமைப்பதில்லையா, அந்தத் தத்துவம்தான். கடை திறக்கும்போதே போய் நின்றோம். விஷயத்தை எப்படி விளக்குவது என்று நான் திணறினேன். கடைக்காரர் அதிகம் கேட்கவில்லை. நாங்கள் கேட்டபடி முன்பக்க இடது டயரை மட்டும் ஒன்பதுக்குள் மாட்டிவிட்டு, அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். எங்களுக்குக் கொடுத்திருந்த நேரத்துக்குத் திரும்பி வந்து, ராகு காலத்திலேயே மற்ற மூன்றையும் மாட்டினார். கிளம்புமுன் என் கணவர் எங்கள் கொல்லை மரத்து எலுமிச்சம்பழம் நான்கை எடுத்துச் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார். நான் ஏற்றி நசுக்கினேன். கடைக்காரர் தண்ணீர்க் குழாயை எடுத்துவந்து தரையைக் கழுவிக்கொண்டே, பிடிப்பு எப்படி என்று என்னிடம் கேட்டார்.

புது டயரைப் படம் எடுத்து நாத்தனாருக்கு அனுப்பினேன். மலையும் பனித்துகளும் தெரிகிற மாதிரி கிட்டத்தில் வைத்து எடுத்த படம். பார்த்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடு காட்டியது. பதில் சாயங்காலம்தான் வந்தது. "நல்ல டயர் அண்ணி. ஆனா செயின்?" என்று கேட்டிருந்தாள். அடுத்த காரணம்.

செயின் வாங்கினோம். மறுநாள் வெயிலில் என் கணவர் வீட்டு முன்னால் உட்கார்ந்து அதை மாட்டிப் பழகினார். டி ஷர்ட் போட்டுக்கொண்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, காய்ந்த சிமெண்ட் தரையில் நிற்கிற வண்டிக்குப் பனிச் சங்கிலி மாட்டுகிற ஆளைக் கெல்லிவில் அதுவரை கண்டதில்லை. நடக்கப் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டுப் பெண்மணி வந்து, பனி கொட்டும் என்று வானிலையில் சொன்னார்களா என்று கவலையோடு விசாரித்தார். என் கணவர் முதல் தடவை சங்கிலியைத் தலைகீழாக மாட்டினார். பிறகு தேறினார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டே மாட்டுவேன் என்றார். மூடச் சொன்னேன், மாட்டினார். அன்று எனக்கு அவரை ரொம்பப் பிடித்தது.

ஆடி பிறந்துவிட்டால் வளைகாப்பு போட மாட்டோம். அதனால் ஆனியின் கடைசி ஞாயிறு என்று நாள் குறித்தேன். நாத்தனார், சம்பிரதாயத்துக்குக் குறுக்கே நிற்க விருப்பமில்லை, வளையல் மட்டும் போட்டுவிட்டுப் போங்கள் என்று இறங்கி வந்திருந்தாள். கூட வருவதைப் பற்றி மூச்சுக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. மகனை நண்பன் வீட்டில் விட்டுவிட்டு, சனிக்கிழமை விடியும்போதே கிளம்பினோம். பெண்டில் ஹில் கடையில் வாங்கிய கண்ணாடி வளையல்களைத் கட்டுக் கட்டாகத் துணியில் சுற்றிப் பின்சீட்டில் வைத்து, அதற்கு சீட் பெல்ட்டும் போட்டிருந்தார் என் கணவர்.

பாதி வழியில் கோல்பர்னில் வண்டிக்குச் சார்ஜ் போட்டுவிட்டு நாங்கள் தயிர் சாதம் சாப்பிட்டோம். பேட்டரிக்கும் குளிர் ஆகாது, எங்களுக்காக ஹீட்டரும் போட்டதால் சார்ஜ் வழக்கத்தைவிட வேகமாக இறங்கியிருந்தது. அதற்குமேல் வெளி முழுக்கப் புல் வெளுத்துக் கிடந்தது. கூமாவை நெருங்கும்போது முன்னால் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. டயரில் காற்றுக் குறைவு என்றது திரை. எந்த டயர் என்றும் காட்டியது.

முன்பக்கம், இடது.

என் கணவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ராகு காலத்துல மாட்டின மூணும் நல்லாருக்கு" என்றார் மெதுவாக. "நல்ல நேரத்துல மாட்டினதுதான் இறங்குது."

சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஓரமாக நிறுத்தத்தான் வேண்டியிருந்தது. நடந்தது இதுதான்: ஒன்றை மட்டும் மாட்டச் சொல்லி நாங்கள் வேலையை இரண்டாக வெட்டியதில், மற்ற மூன்றுக்கும் கடைசியில் காற்று சரிபார்த்த கடைக்காரர் முதலில் மாட்டியதை விட்டுவிட்டார். சிட்னி வெயிலில் தெரியவில்லை. மலைக் குளிரில் காற்று இன்னும் சுருங்கி விளக்கு எரிந்துவிட்டது. கூமா பெட்ரோல் பங்கில், பெட்ரோலே குடிக்காத வண்டியை நிறுத்திக் காற்று மட்டும் பிடித்தோம்.

"இத உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க" என்றேன். "டயர் சரியில்லைன்னு அதையே பிடிச்சுக்குவா. அப்புறம் கூப்பிடவே முடியாது."

"நான் ஏன் சொல்றேன்" என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும். அவள் வீட்டு வாசலில் இறங்கி, தங்கையின் வயிற்றைப் பார்த்துக் கண் கலங்கி, என்ன பேசுவது என்று தெரியாமல் அவர் பேசிய முதல் வாக்கியம்: "வர்ற வழியில டயர்ல காத்து இறங்கிருச்சும்மா."

நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நான் அப்பவே சொன்னேன்ல அண்ணி" என்றாள். குரலில் ஜெயித்த சந்தோஷம் இல்லை, அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. வாடிய முகத்தோடு பாத்திரங்களை வாங்கி உள்ளே வைத்தாள்.

ஞாயிறு காலை எழுந்து பார்த்தால் வெளியே எல்லாம் வெள்ளை. அதிகமில்லை, தோசைக்கு மேல் தூவிய சர்க்கரை அளவு. ஆனாலும் பனி பனிதான். நான் வாழ்க்கையில் முதல்முறையாகப் பனியில் கால் வைத்தது ஆனி மாதத்தில், புடவையும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு. அவள் வீட்டு மின்சாரம் ஒரே நேரத்தில் இரண்டு குக்கரைத் தாங்கவில்லை, ஃப்யூஸ் போனது. வண்டித் தட்டிலேயே மின்சாரம் எடுக்கிற பிளக் இருக்கிறதே என்று ஒரு குக்கரைக் கொண்டுபோய் அங்கே வைத்தேன். பனிக்கு நடுவே சர்க்கரைப் பொங்கல் கொதித்து ஆவி பறந்தது. மாப்பிள்ளை அதைப் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்.

வந்தவர்கள் எல்லாம் அவளோடு வேலை செய்கிற பெண்கள். நிலம் அளக்கிற இத்தாலிக்காரி, கேண்டீன் நடத்துகிற பிலிப்பைன்ஸ் அம்மாள், கனரக வண்டி ஓட்டும் உள்ளூர்ப் பெண்கள். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வளையல் அடுக்கச் சொல்லிக் கொடுத்தேன். பெரிய இயந்திரம் ஓட்டுகிற கைகள் கண்ணாடி வளையலை உடையாமல் ஏற்ற அவ்வளவு கவனம் எடுத்துக்கொண்டன. முதல் வளையலை அம்மா போட வேண்டும். நான் போட்டேன். அவள் கையை நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் வளையலையே பார்த்துக்கொண்டேன். இரண்டு பேரில் யார் நிமிர்ந்திருந்தாலும் அன்று வளைகாப்பு அழுகையில் முடிந்திருக்கும்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் போனார்கள். நான் அண்டாக்களைக் கழுவி வண்டிக்கு எடுத்துப் போனேன். பகல் வெயிலில் சாலைப் பனி கரைய ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கிளம்பினால்தான் இருட்டுமுன் மலை இறங்கலாம். அவளைக் கூப்பிட வேண்டும், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அண்டாவோடு நடந்து வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

நாத்தனார் என் வண்டியின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். குனிய முடியாத வயிற்றோடு பக்கவாட்டில் சாய்ந்து, டயரின் பள்ளத்துக்குள் கட்டைவிரலை விட்டு ஆழம் பார்த்துக்கொண்டிருந்தாள். வளையல்கள் டயரில் உரசிச் சத்தம் போட்டன.

"இது யாரு செலக்ட் பண்ணது அண்ணி?"

"நான்தான்."

"நல்ல ரேட்டிங். லோடும் சரியா இருக்கு." சக்கரத்தைத் தட்டினாள். "ஒரு ட்ரிப்புக்குன்னா சும்மா செயின் மட்டும் வாங்கி மெதுவா வந்திருக்கலாமே. இல்ல ஃபுல் விண்டர் டயர் போட்டிருக்கலாம். ஏன் இது?"

டயரைத் தேர்ந்தெடுத்தபோது மனதில் என்ன இருந்ததோ அதைச் சொன்னேன்.

"ஒரு ட்ரிப்புக்கு வாங்கல கண்ணு. நீ லீவு முடிஞ்சு குழந்தையோட இங்கதானே திரும்பி வருவே? நீ வேலை சைட்டுக்குப் போகணும்னா, குழந்தையப் பார்த்துக்க நான் வரணும். அதுக்குக் காய்ச்சல் வந்தா வரணும். பொறந்த நாளுக்கு வரணும். வெயில்லயும் வரணும், பனியிலயும் வரணும். அதுக்குத் தோதாப் பார்த்தேன்."

அவள் டயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த டயர் எவ்ளோ நாள் வரும்?" என்று கேட்டாள்.

"பார்த்து ஓட்டினா, உம்புள்ள ஸ்கூல் போற வரைக்கும் வரும்."

அவள் டயரில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் துடைத்தாள். பிறகு நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். "நான் டயரை ஒரு சாக்காத்தான் சொன்னேன் அண்ணி. எல்லாருக்கும் சிரமம்னு. நீங்க போய் நிஜமாவே வாங்குவீங்கன்னு நினைக்கல."

"சாக்குன்னு தெரியும். அதான் வாங்கினேன்."

அவள் சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சந்தனம் கன்னமெல்லாம் இழுபட, "பத்து நிமிஷம் குடுங்க, பெட்டி அடுக்கணும்" என்று உள்ளே போனாள். இரண்டு நிமிடத்தில் மாப்பிள்ளை பெட்டியோடு வந்தார். அது என்றோ அடுக்கிப் பூட்டிய பெட்டி என்று தூக்கும்போதே தெரிந்தது. அடுத்த ஷிஃப்ட் முடிந்ததும் நேராக சிட்னிக்கு வந்துவிடுகிறேன் என்றார். அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தால், எங்களுக்கு முன்பே அவளைக் கூப்பிட்டுத் தோற்றவர் என்று தோன்றியது.

நாத்தனார் முன்சீட்டில். என் கணவர் பின்சீட்டில் வெறும் பாத்திரங்களோடு. சாலையோரம் வெள்ளையும் நடுவில் ஈரக் கறுப்புமாக வளைந்து வளைந்து இறங்கினோம். கனடா அக்கா சொன்னபடி போக வேண்டிய பக்கத்தையே பார்த்து ஓட்டினேன். ஒரு வளைவில்கூட வண்டி வழுக்கவில்லை. சங்கிலி பையிலேயே இருந்தது, அதில் என் கணவருக்கு ஏமாற்றம். ஒரு சின்னச் சரிவிலாவது மாட்டிப் பார்க்கலாமா என்று இரண்டு தடவை கேட்டார்.

கூமாவைத் தாண்டியதும் நாத்தனாரின் போன் அடித்தது. வண்டியின் ஸ்பீக்கரில் வந்தது. அவளுடைய மேலதிகாரி, உள்ளூர்க்காரப் பெண். விடுப்பு நல்லபடி தொடங்கட்டும் என்று வாழ்த்தினார். பனியில் எங்கே கிளம்பிவிட்டாய், குழந்தை எங்கே பிறக்கப்போகிறது என்று கேட்டார்.

"சிட்னில" என்றாள் நாத்தனார், ஆங்கிலத்தில். "மம்ஸ் பிளேஸ்."

அந்த அம்மையாருக்கு அது சாதாரணப் பதில். நல்லது, அம்மா வீட்டுக்குப் போவதுதான் சரி, ஓட்டுவது யார், டயர் நல்ல டயர்தானே என்று கேட்டார்.

"நல்ல டயர்" என்றாள் அவள், சாலையைப் பார்த்துக்கொண்டு. "மம் பார்த்து வாங்கினது."

பின்சீட்டில் பாத்திரங்கள் குலுங்கின. என் கணவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வெளியே குளிர் அதிகம், ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டு என்றார். கூட்டினேன். கண் மறைத்ததால் கொஞ்ச தூரம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓட்டினேன்.